நரம்பு என்ற ஒரே சொல்லும் மானிப்பாய் டாக்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

இராஜபாளையம் ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகட்டும், ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் அரைமணி நேரம் நின்றால் "நரம்பு" என்ற சொல்லைப் பத்துத் தடவையாவது கேட்கலாம். "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் அது சிரை, அதாவது இரத்தக் குழாய். "நரம்புத் தளர்ச்சி" என்றால் மூளையோடு தொடர்புள்ள நரம்பு. "கழுத்து நரம்பு இழுத்துக்கிச்சு" என்றால் பெரும்பாலும் தசை. "குதிகால் நரம்பு" என்றால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். நான்கு வெவ்வேறு பொருள்கள். சொல் ஒன்றுதான். இது போதாதென்று யாழில் கட்டுவதும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. "இலை நரம்பமைப்பு" என்று நானே எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நம் மக்களை இதற்காகக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் "நெர்வ்" என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்க, இலத்தீன் சொற்களும் ஆதியில் தசைநாணையும் வில்லின் நாணையும்தான் குறித்தன. பார்வைக்கு வெள்ளையாக, நீளமாக, கயிறு மாதிரி இருப்பதையெல்லாம் உலகம் முழுவதும் மனிதன் ஒரே பெயரில்தான் அழைத்திருக்கிறான். உடலை அறுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பெயர்கள் பிரிந்தன.

ஆனால் பெயர் பிரியாமல் இருப்பதற்கு விலை உண்டு. சத்திரப்பட்டிப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. காயத்துக்குக் கட்டும் காஸ் துணி அங்கே விசைத்தறிகளில் நெய்யப்பட்டு நாடு முழுவதும் போகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. அங்கே தறி ஓட்டும் ஒரு பெண், என் பழைய மாணவனின் தாயார். கண்ணாடித் துண்டு கிழித்து ஆள்காட்டி விரலின் உட்பக்கம் காயம். விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ ஆங்கிலத்தில் சொல்ல, அங்கிருந்த ஒருவர் அதைத் தமிழாக்கி, "நரம்பு அறுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்றாராம். நரம்பு அறுந்தால் கை விளங்காமல் போய்விடும், அதன்பிறகு ஆபரேஷன் செய்து என்ன பயன் என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். அறுந்தது தசைநாண். சில நாட்களுக்குள் தைத்திருந்தால் விரல் மடங்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். வாரக்கணக்கில் விட்டால் அறுந்த முனைகள் உள்ளே சுருங்கி, தழும்பேறி ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாவின் விரல் இன்றுவரை மடங்கவில்லை. இழை அறுந்தால் முடிச்சுப் போட அந்த விரல்தான் வேண்டும்.

இந்த விஷயத்தைக் கேட்ட நாளிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. தோல், தசை, மூட்டு, எலும்பு என்று உடலைப் பிரித்துப் பிரித்துத் தமிழில் முதலில் எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்?

பழைய மருத்துவ நூல்களில் உடல் உறுப்புகளின் கணக்கு இல்லாமல் இல்லை. சுசுருதர் எலும்புகள் 300 என்கிறார், சரகர் 360 என்கிறார். இன்றைய கணக்கு வளர்ந்தவர்க்கு 206. பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணினால் தொகை கூடத்தான் செய்யும். சுசுருதர் சும்மா இருந்த இடத்திலிருந்து எண்ணவும் இல்லை. பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவிட்டு, அடுக்கடுக்காகத் தேய்த்தெடுத்துப் பார்க்கச் சொன்னவர் அவர். பிற்காலத்தில் பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் அந்த வழியை மூடிவிட்டது. மறுபடி ஓர் இந்திய மருத்துவர், மதுசூதன் குப்தா, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்தது 1836ல். ஐரோப்பாவில் வெசாலியஸ் தன் பெரிய உடற்கூறு நூலை அச்சிட்டது 1543ல். நடுவே கிட்டத்தட்ட 300 ஆண்டு.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் தமிழரே இல்லை. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர். 1822ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரில் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் தொடங்கினார். அங்கே அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

முதலில் அவர் பாடம் சொன்னது ஆங்கிலத்தில்தான். மாணவர்கள் நன்றாகத்தான் படித்தார்கள். படித்து முடித்ததும் ஆங்கிலம் தெரிந்த மருத்துவர் என்ற தகுதியோடு அரசாங்க உத்தியோகத்துக்கு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கிராமத்தில் காலரா வந்தால் பார்க்க ஆள் இல்லை. 1857ல் தாய்நாடு திரும்பிய கிறீன், 1862ல் மீண்டும் வந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவன் தமிழ் மக்கள் நடுவிலேயே வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் போட்ட கணக்கு. மதம் பரப்ப வந்தவர் என்று சில நண்பர்கள் உடனே எழுதுவார்கள். ஆமாம், அதற்கும்தான் வந்தார், அவரே அதை மறைக்கவில்லை. நான் இங்கே பேசுவது அவர் விட்டுப்போன புத்தகங்களைப் பற்றி.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். 1850களில் கட்டர் என்பவரின் உடற்கூறு, சுகாதார நூல் அவர் கையால் தமிழானது. 1857ல் பிரசவ வைத்தியம். 1867ல் இரண வைத்தியம், அதாவது அறுவை மருத்துவம். 1872ல் மனுஷ அங்காதிபாதம். 1875ல் கெமிஸ்தம். எல்லாமாகச் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேல். மாணவர்களும் உடனிருந்து மொழிபெயர்த்தார்கள். அவரிடம் படித்து வெளிவந்த மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் தமிழில் படித்தவர்கள்.

மனுஷ அங்காதிபாதம் என்பது வேறொன்றுமில்லை, கிரேயின் உடற்கூறு நூல். இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர் கையில் இருக்கும் அதே "கிரேஸ் அனாட்டமி". ஹென்றி கிரே அதை லண்டனில் வெளியிட்டது 1858ல். அதற்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து, பிறகு அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அந்தப் புத்தகம் 14 ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு மதுரைக்கு அந்தப் பக்கம் ரயில் வரவில்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. நமக்குப் பெருமையான பென்னிங்டன் நூலகம்கூட 1875ல்தான் தொடங்கியது.

"அங்காதிபாதம்" என்ற பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று நம் புலவர்கள் தலைமுதல் கால்வரை பாடுவார்களே, அந்த வாடை என் காதுக்கு இதிலும் அடிக்கிறது. இன்றைய "உடற்கூறியல்" சரியான சொல்தான், ஆனால் அந்தச் சத்தம் இதில் இல்லை. "இரண வைத்தியம்" என்பதில் உள்ள இரணமோ இன்னும் நம் வாயில் இருக்கிறது. "புண்ணு ரணமா இருக்கு சார்" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்களே, அதே சொல்தான்.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் மக்களிடம் தமிழ்ச்சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுது. அவர் நூல்களில் வடமொழி நிறைய இருப்பது உண்மை. இன்று வாசித்தால் நமக்கே அகராதி வேண்டும். ஆனால் முதல் படியாக மக்கள் வாயைப் பார்த்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் மக்கள் வாயில் ஒரு உடற்கூறு நூலே இருக்கிறது. தோலில் இருந்து தொடங்கலாம். நம் பக்கம் காய்ச்சல் வந்தால் "மேலுக்கு முடியல" என்போம். உடம்புக்கே "மேல்" என்று பெயர். வெளியே தெரியும் தோலையே உடம்பாகக் கொண்ட பேச்சு. அந்தத் தோலையும் புத்தகம் மேல்தோல், உள்தோல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. சிராய்ப்பில் இரத்தம் வராவிட்டால் மேல்தோல் மட்டும் போயிருக்கிறது, ஏனென்றால் அதில் இரத்தக் குழாய் கிடையாது. இதைச் சொன்னால் மறுநாளே பிள்ளைகள் முழங்காலைக் காட்டி, "சார், எனக்கு உள்தோல்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

தசைக்கு வாருங்கள். பேச்சில் சதை, எழுத்தில் தசை. எழுத்து இடம் மாறிய ஒரே சொல். ஆங்கிலத்தின் "மஸில்" என்பதற்கு மூலமான இலத்தீன் சொல்லுக்குச் சுண்டெலி என்று பொருள். தோலுக்கடியில் தசை உருள்வது எலி ஓடுவதுபோல் ரோமானியனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மவனுக்கு அது மீனாகத் தெரிந்தது. கெண்டைக்கால் என்கிறோமே! கண்மாய்க்கரை மனிதனுக்குக் கெண்டை மீன்தானே நினைவுக்கு வரும்.

உடலில் 600க்கு மேற்பட்ட தசைகள் எலும்புகளை இயக்குகின்றன. ஒன்றுக்கும் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். கையை மடக்க முன்கை எலும்பை இழுப்பது இருதலைத் தசை, நீட்ட இழுப்பது பின்பக்கத்து முத்தலைத் தசை. வகுப்பில் இதை விளக்க எனக்கு ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர்தான் உதவும். வடத்தால் தேரை இழுக்கலாம், அதே வடத்தால் தள்ள முடியுமா? எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் எதிர்ப்பக்கமும் ஒரு வடம் வேண்டும். ஆட்கள் தசை, வடம் தசைநாண், தேர் எலும்பு. கறிக்கடையில் கோழிக்கால் வாங்கிவந்து, வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளை நாரை இடுக்கியால் இழுத்துக் காட்டுவேன். விரல்கள் சடாரென்று மடங்கும். பின்வரிசைப் பையன்களெல்லாம் எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். தசைநாணுக்கு "தசைவடம்" என்று பெயர் வைத்திருந்தால் நம் ஊரில் ஒருவரும் அதை நரம்போடு குழப்பியிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

மூட்டு என்பதுதான் எல்லாவற்றிலும் அழகு. மூட்டுதல் என்றால் இரண்டைச் சேர்த்துத் தைப்பது. புதுக் கைலி வாங்கினால் "மூட்டிக் குடுங்க" என்று டெய்லரிடம் கொடுக்கிறோமே, அதுதான். எலும்பும் எலும்பும் மூட்டிய இடம் மூட்டு. கதவில் இருக்கும் கீலும் உடம்பில் இருக்கிறது. முழங்கை, முழங்கால் இரண்டும் கதவுபோல் ஒரு பக்கம்தான் திறக்கும். பாடநூலில் அதற்குக் கீல் மூட்டு என்றே பெயர். கிழவிகள் சொல்லும் கீல்வாயுவும் இதே கீல்தான். தோளிலும் இடுப்பிலும் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் சுழலும்.

எலும்புப் பெயர்களில் வீட்டுச் சாமான்களே கிடக்கின்றன. முழங்கால் முன்னால் இருப்பது சில்லு, பிள்ளைகள் பாண்டி ஆடுகிறார்களே அந்தச் சில்லு. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு. காறை என்பது பெண்கள் கழுத்தில் அணிந்த பழைய நகை. அதே எலும்பு இலத்தீனில் சிறிய சாவி. காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகள் சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி என்பது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம். உடலின் மிகச் சிறிய எலும்பு அது, சுமார் 3 மில்லிமீட்டர். மிக நீளமானது தொடை எலும்பு. மூக்கு நுனியிலும் காது மடலிலும் இருப்பது குருத்தெலும்பு. பனங்குருத்து, வாழைக்குருத்து தெரிந்தவனுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 300க்கு நெருக்கமான எலும்புத் துண்டுகள். வளர வளர அவை ஒட்டிச் சேர்ந்து 206 ஆகின்றன.

கிறீனுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1873ல் அவர் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1883ல்கூட மனுஷ சுகரணம் என்ற உடலியங்கியல் நூல் வந்தது. 1884ல் காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருளில் ஒரு வரியைத் தன் கல்லறையில் பொறிக்கச் செய்தார். யாழ்ப்பாணத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதியிராவிட்டால் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. அவர் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி அவரோடு நின்றுபோனது.

சொல்லாக்கம் மட்டும் இந்தக் கரையில் வேறு வழியில் தொடர்ந்தது. 1916ல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களுக்காக ஓர் இதழ் நடத்தினார்கள். 1936ல் மட்டக்களப்புக்காரரான விபுலானந்த அடிகள் தலைமையில் சென்னையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்கள் தொகுப்பை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாம் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படித்த பெயர்களில் பல அந்த முயற்சிகளின் வழியாக வந்தவை. இலங்கைத் தமிழர்கள் தங்கள் வழியே போனார்கள். அங்கே எலும்பு "என்பு". திருக்குறளில் இருக்கும் அதே பழைய சொல். எலும்புக்கூடு அங்கே "வன்கூடு".

இந்த இரண்டாவது முயற்சிக்கும் கிறீனின் முயற்சிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிறீனின் சொற்கள் நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகிறவனுக்காகச் செய்யப்பட்டவை. நம் சொற்கள் பரீட்சைக்காகச் செய்யப்பட்டவை. "தசைநாண் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வாங்கிய பையனே, அம்மாவின் விரல் அறுபட்டபோது "நரம்பு" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். நான்தான் அவனுக்கு அந்தப் பாடம் நடத்தினேன். அவன் விடை சரியாகத்தான் எழுதியிருப்பான். ஆனால் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவனிடம் யாருமே சொன்னதில்லை. டாக்டர் சொன்னதில்லை, நர்ஸ் சொன்னதில்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டும் சொன்னதில்லை.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் உடற்கூறு உள்ளிட்ட எம்.பி.பி.எஸ். பாடநூல்களை இந்தியில் வெளியிட்டார்கள். நாடு முழுக்கப் பெரிய செய்தியானது. மனுஷ அங்காதிபாதம் வந்து அன்றைக்குச் சரியாக 150 ஆண்டு. தமிழ்நாட்டிலும் இப்போது மருத்துவப் பாடநூல்களை அரசு தமிழில் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. வரட்டும், நல்லதுதான். மருத்துவ மாணவர்கள் ஆங்கிலத்தில் படிப்பதில்கூட எனக்கு வருத்தமில்லை. படித்து வெளியே வருகிறவர்கள் ஒரு முந்நூறு தமிழ்ப் பெயர்களையாவது தெரிந்துகொண்டு வந்தால், சத்திரப்பட்டியில் ஒரு விரலாவது மடங்கும்.

இதற்குள் ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே ஒரு தமிழை உண்டாக்கிவிட்டன. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு", "மூட்டு தேய்மானம்", "டிஸ்க் விலகிருச்சு". தேய்மானம் நல்ல சொல். வண்டிச் சக்கரம் தெரிந்தவர்க்கு உடனே புரிகிறது, எந்தக் குழுவும் கூடி அதை ஆக்கவில்லை. ஜவ்வுதான் ஆபத்து. எலும்போடு எலும்பைக் கட்டும் நாருக்கும் ஜவ்வு என்கிறார்கள், முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புக்கும் ஜவ்வு என்கிறார்கள், காதுப் பறைக்கும் ஜவ்வுதான். நரம்புக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான்.

நம் வட்டாரத்து உடம்புப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இதுவரை சேர்ந்தவற்றில் சில: குறுக்கு (இடுப்பின் பின்பக்கம்), கரண்டைக்கால், மொளி, சப்பை, அள்ளை, பிடரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், குறிப்பாகச் சுளுக்கு எடுப்பவர்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுபவர்கள், கறிக்கடை வைத்திருப்பவர்கள், தறிக்காரர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தளவாய்புரத்தில் சொல்வது மல்லியில் வேறாக இருக்கலாம். "மொளி" என்பதைச் சிலர் விரல் கணுவுக்கும் சிலர் கணுக்கால் எலும்புக்கும் சொல்கிறார்கள். உங்கள் தெருவில் எதற்குச் சொல்கிறார்கள்?